பின்னங்காலின் உள்விரல்

பெஹாலா, கொல்கத்தா
14 ஜூலை 2024

அக்கா,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் உன் முகம் போய் வெறும் வட்டம் வந்துவிட்டது. என்னைத் தடுத்துவிட்டாய். சரி, தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் இருவரையும் உட்கார வைத்து, ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தமிழில் கடிதம் எழுத வைத்தாளே அம்மா, அது இப்போதாவது உதவட்டும்.

கிரீஷ் அத்திம்பேர் தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேள்.

போன மாதக் கடைசியில் நான் வேலை பார்க்கும் பாலிகஞ்ச் மிருகக் கிளினிக்குக்கு ஷர்மிஷ்டா என்று ஒரு பெண் செருப்புப் பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் ஒரு முள்ளெலி இறுகச் சுருண்டு கிடந்தது. மழைக்காலத்தில் லேக் ஓரம் உதிர்ந்து கிடக்குமே கடம்பப்பூ, அதே உருவம். அதனால் அதற்குக் 'கொதம்' என்றே வங்காளத்தில் பெயர் வைத்திருந்தாள். "டாக்டர் தீதி, ஓ கிச்சு காச்சே நா" என்று அழாத குறை. எதையும் தின்னவில்லையாம். ஆப்பிரிக்க முள்ளெலி, பண்ணையில் பிறந்து வளர்ந்தது என்று சொல்லி அவளுக்கு விற்றிருக்கிறார்கள். எந்தப் பண்ணை என்று ரசீதில் பார்த்தேன். உங்கள் பண்ணை. ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது அக்கா.

சுருண்ட முள்ளெலியைக் கையால் பிரிக்க முடியாது. அதன் முதுகுத் தோலுக்கு அடியில் சுருக்குப் பையின் கயிறு மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. நாம் இழுக்க இழுக்க அது இறுகும். அதனால் நாங்கள் ஆழமில்லாத பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, அதில் மெல்ல விடுவோம். தானாகவே விரிந்து நடக்கத் தொடங்கும். கொதமும் விரிந்தது. அப்போதுதான் அதன் பின்னங்காலைப் பார்த்தேன்.

செல்லப் பிராணியாக விற்கும் ஆப்பிரிக்க முள்ளெலிக்கு முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நாலே விரல். அதன் பெயரே நாலுவிரல் முள்ளெலிதான். கொதத்துக்குப் பின்னங்காலிலும் ஐந்து. போதாததற்கு உச்சந்தலையில் முள்ளே இல்லாமல் அகலமாக ஒரு வகிடு. அடிவயிறு முடி அடர்த்தியில்லாமல் வெறிச்சென்று இருந்தது. இது ஆப்பிரிக்காவைக் கனவிலும் கண்டதில்லை. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளில் மட்டும் இருக்கும் நம்முடைய முள்ளெலி. உங்கள் பண்ணை வேலிக்கு வெளியே இருக்கும் தேரியில், அந்தச் செம்மண் மணல்மேட்டில் பிடித்தது. இதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

அத்திம்பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏதோ ஒண்ணு தெரியாம கலந்திருக்கும் சாதனா. நீ ரிப்போர்ட்ல ஆப்பிரிக்கன்னே எழுதிக் குடுத்துடு" என்றார். மாட்டேன் என்றேன். "உங்க அக்காவை நெனச்சுக்கோ" என்றார். போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நீயும் பேசவில்லை.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. தினமும் அவற்றுக்குத் தீனி வைப்பது நீ. பண்ணையில் பிறந்தவை என்றால் குட்டிகள் இருக்க வேண்டும். முள்ளெலிக் குட்டி பிறக்கும்போது முள் வெளியே தெரியாது. தாய்க்குக் குத்தாமலிருக்கத் தோல் நீர் கோத்து உப்பி முள்ளை மூடியிருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் நீர் வற்றி வெள்ளை முட்கள் எட்டிப் பார்க்கும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். நீ பார்த்திருக்கிறாயா?

ஆப்பிரிக்கன் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அத்திம்பேரிடம் சொல்லிவிடு.

சாதனா


பாளையங்கோட்டை
23 ஜூலை 2024

சாதனாவுக்கு,

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு உன் கடிதத்தைக் கொடுத்தார். கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். படித்த பிறகு சந்தேகமே இல்லை, நோட்டீஸ்தான்.

நீ கால்நடை மருத்துவம் படித்தது எலிக்குக் கால் விரல் எண்ணுவதற்கா? அந்தப் படிப்புக்கு யார் அலைந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? அப்பாவுக்குத் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை. அப்போது புது மாப்பிள்ளை இவர். கொளுத்தும் வெயிலில் பெல்காச்சியா கால்நடைக் கல்லூரியில் உனக்காக வரிசையில் நின்றார். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. தண்ணீர் கேட்கத் தெரியாமல் தாகத்தோடு நின்றவர் அவர். அவருக்கு நீ காட்டும் மரியாதை இது.

நானோ காலேஜை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு இங்கே வந்தவள். எனக்கு உன் அளவு தெரியாது. ஆனால் இந்த ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இங்கே குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால் முள்ளெலித் தோலைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். பிடித்தவன் அடித்து உரித்துக் காயப்போட்டு விற்பான். அவர் வாங்கியிருக்காவிட்டால் உன் கொதம் இந்நேரம் யார் வயிற்றிலோ சாம்பலாகப் போயிருக்கும். இப்போது பாலிகஞ்ச் ஃப்ளாட்டில் ஏ.சி.யில் இருக்கிறது. யார் அதற்கு நல்லது செய்தது, சொல்.

இன்னொன்றும் சொல்கிறேன், உட்கார்ந்து படி. பண்ணை என் பெயரில் இருக்கிறது. பதிவு, அனுமதி எல்லாம் 'ஜெயலக்ஷ்மி கிரீஷ்' என்றுதான். அவருக்கு வேறு தொழில் இருந்ததால் அப்படிச் செய்தோம். நீ எங்கேயாவது போய் எழுதிக் கொடுத்தால் போலீஸ் ஜீப்பில் ஏறப் போவது அவர் இல்லை. நான். ஒரு எலிக்காகக் கூடப் பிறந்தவளை உள்ளே தள்ளுவாயா? உறவு என்றால் உனக்கு அவ்வளவுதானா?

அப்பாவிடம் பேசினேன். அவர் உன்மேல் எவ்வளவு வருத்தத்தில் இருக்கிறார் என்பது ஒரே வீட்டில் இருக்கும் உனக்குத் தெரியாமலா இருக்கும்?

உன் கடிதத்தை ஒளித்து வைக்கும் பழக்கம் எனக்கில்லை. சாப்பிடும்போது உன் அத்திம்பேருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். நீ நினைப்பதுபோல் அவர் குதிக்கவில்லை. "விரலா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மோர் சாதம் போட்டுக்கொண்டார். அவருடைய பொறுமையில் கால்வாசி உனக்கு இருந்திருக்கலாம்.

ஜெயா


பெஹாலா
3 ஆகஸ்ட் 2024

அக்கா,

அப்பா இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். கிளினிக் முதலாளி, "ஏன் வம்பு? கண்டுக்காம விட்டுடு" என்று மூன்று மொழிகளில் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். மாட்டேன்.

முதலில் எலி விவகாரம். முள்ளெலிக்குப் பெயரில்தான் எலி. எலிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. முள் இருப்பதால் முள்ளம்பன்றிக்குச் சொந்தம் என்பார்கள், அதுவும் இல்லை. முள்ளம்பன்றிதான் எலியின் கூட்டம், கொறித்துத் தின்னும் பல். மடகாஸ்கர் தீவில் டென்ரெக் என்று ஒன்று உண்டு. பக்கத்தில் வைத்தால் எனக்கே ஒரு கணம் முள்ளெலி என்று தோன்றும். அதே முள், சில வகை அதேபோல் சுருளவும் செய்யும். பூச்சி தின்னும் சின்னப் பிராணி எதுவானாலும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்த காலத்தில் அதையும் இதோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு தெரிந்தது, டென்ரெக்கின் சொந்தம் யானைப் பக்கம். ஆனால் மலேயாக் காட்டில் மூன்ராட் என்று ஒன்று இருக்கிறது. உடம்பில் ஒரு முள் கிடையாது, அழுகின வெங்காய நாற்றம், பார்வைக்குச் சாட்சாத் பெருச்சாளி. அதுதான் முள்ளெலியின் சொந்தக் குடும்பம். ஒரே தோற்றமும் ஒரே சௌகரியமும் உறவாகிவிடாது அக்கா. உறவைப் பற்றி நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு தூரத்துச் சொந்தம் நம் வீட்டிலேயே இருந்தது. மூஞ்சூறு. இங்கே எல்லாரும் சூச்சோ என்று திட்டுவார்களே, அதுதான். ஒரு நாள் நம் பழைய குவார்ட்டர்ஸ் சமையலறையில் சுவரை ஒட்டிக் 'கிச்கிச்' என்று ஓடியது. அப்பா துடைப்பத்தை ஓங்கினார். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவருக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றாய். "இது எலி இல்லப்பா. பிள்ளையாரோடது. என்ன வேணா அடிச்சுக்கோங்கோ, இதை அடிக்கப்படாது" என்றாய். எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. அப்பா துடைப்பத்தைக் கீழே போட்டார். நான் மிருகங்களுக்கு மருத்துவம் பார்க்க வந்ததற்கு வரிசையில் நின்ற அத்திம்பேர் காரணம் என்று சொன்னாய். இல்லை. அன்று குறுக்கே நின்ற நீதான் காரணம்.

பண்ணை உன் பெயரில் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. அத்திம்பேர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும், பண்ணையை உன் பெயரில் போட்டது வேறு தொழில் இருந்ததாலா? இன்று உன்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் மோர் சாதம் சாப்பிடுகிறவர் அவர்.

கக்குவானுக்குச் சுடுகிறவர்களிடமிருந்து காப்பாற்றினாராம். காப்பாற்றினால் தேரியில் விட்டிருப்பார். விற்றிருக்க மாட்டார். இப்போது பிடிக்கிறவனுக்கு இரண்டு வியாபாரிகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீயே முதலில் போய்ச் சொல் அக்கா. ஏமாந்துவிட்டேன் என்று திருநெல்வேலி வனத்துறையில் நீயே சொன்னால் உன் பக்கம் நிற்க நான் வருவேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டிவரும். அதற்காக நீ என்னைக் காலமெல்லாம் வெறுத்தாலும் சரி.

குட்டியைப் பற்றி நீ பதில் சொல்லவில்லை.

சாதனா

கொதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, சாப்பிடுகிறது. குடல் நிறையப் புழு இருந்தது, மருந்து கொடுத்தேன். நேற்று என் ரப்பர் செருப்பைக் கடித்து, வாயில் நுரை கூட்டி, உடம்பை வளைத்துத் தன் முட்களிலெல்லாம் பூசிக்கொண்டது. புது வாசனை கிடைத்தால் முள்ளெலிகள் இப்படிச் செய்யும். ஏன் என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.


பாளையங்கோட்டை
13 ஆகஸ்ட் 2024

சாதனாவுக்கு,

குட்டியை நான் பார்த்ததில்லை. போதுமா?

குட்டி போடும் கொட்டகை பின்பக்கம் தனியாக இருக்கிறது. மனித வாடை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்று அவர் யாரையும் விடுவதில்லை. சாவி அவரிடம். நான் முன்கொட்டகைக்கு மட்டும்தான் தீனி வைக்கிறேன். இதில் என்ன தப்பு?

பழைய கதையெல்லாம் சொல்லி என்னை உருக வைக்கப் பார்க்காதே. பன்னிரண்டு வயதில் துடைப்பத்தின் முன்னால் நிற்பது சுலபம். நாற்பத்திரண்டு வயதில் நின்றால் வீடு இருக்காது.

உன் வாயை அடைக்கவே இதை எழுதுகிறேன். இந்த வாரம் கொல்கத்தாவுக்கு ஒரு புது ஜோடி அனுப்பியிருக்கிறோம், உங்கள் பாலிகஞ்சுக்கே. "உன் தங்கையை எண்ணிப் பாக்கச் சொல்லு, சுத்தமா நாலு இருக்கும்" என்றார். போய் எண்ணிப் பார். நாலு இருந்தால் இவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுது. அதற்குப் பிறகுதான் உன் போனை எடுப்பேன்.

ஜெயா


பெஹாலா
27 ஆகஸ்ட் 2024

அக்கா,

எண்ணினேன்.

ஷர்மிஷ்டாவுக்குத் தெரிந்த ஒருவர்தான் அந்த ஜோடியை வாங்கியிருக்கிறார். ஒன்று வந்த மறுநாளே செத்துவிட்டது. மற்றதைப் பெட்டியோடு என்னிடம் கொண்டுவந்தார். பேசினில் தண்ணீர் ஊற்றி விட்டேன். விரிந்தது. ஆனால் நடக்கவில்லை. தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது.

பின்னங்கால்கள் இரண்டிலும் நாலு நாலு விரல். அத்திம்பேர் சொன்னது சரிதான். ஐந்தாவது விரல் இருந்த இடத்தில் சீழ்.

விரலை வெட்டியிருக்கிறார்கள் அக்கா. உயிரோடு, மயக்க மருந்தில்லாமல். நகவெட்டி மாதிரி எதனாலோ. முதல் வெட்டு சரியாக விழாமல் இரண்டாம் தடவை வெட்டிய தடமும் இருக்கிறது.

வெட்டியதிலும் தப்பு. ஆப்பிரிக்க முள்ளெலிக்கு இல்லாமல் இருப்பது உள்பக்கத்து விரல், நமக்குக் கட்டைவிரல் இருக்கும் இடம். நம் முள்ளெலிக்கு அது இருக்கிறது, ஆனால் பொடியாக, சற்று மேலே ஏறி. தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும். உன் வீட்டுக்காரர் கட்டைவிரலிலிருந்து எண்ணியிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவதாக வந்த வெளிப்பக்கச் சுண்டுவிரலை நறுக்கிவிட்டார். இருக்கக் கூடாதது இருக்கிறது, இருக்க வேண்டியது இல்லை. இப்படி ஒரு கால் உலகத்தில் எந்த முள்ளெலிக்கும் கிடையாது. அத்தாட்சி வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைவிட நல்ல அத்தாட்சியை நானே தயாரித்திருக்க முடியாது.

எந்த விரல் என்று என் கடிதத்தில் எழுதவில்லை. பின்னங்கால் என்று மட்டும் எழுதியிருந்தேன். நீ சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டிய கடிதம். "விரலா?" என்று அவர் ஏன் கேட்டார் என்று இப்போது புரிகிறதா?

அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பின்னங்கால்களை அப்பாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, "அலிப்பூர்தானே, வா" என்றார். மழையில் டாக்ஸி கிடைக்காமல் பஸ்ஸில் போனோம். அலிப்பூரில் வனவிலங்கு அதிகாரியிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். கொதம், வெட்டுப்பட்டது, இரண்டின் கால்களையும் படமெடுத்துக்கொண்டார்கள். பண்ணையின் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். ஜெயலக்ஷ்மி கிரீஷ், என் அக்கா என்று சொன்னேன். வெளியே வந்த பிறகு பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னாய். கேட்க மாட்டேன். நீ இதற்கெல்லாம் உடந்தை என்று யார் சொன்னாலும் நம்பவும் மாட்டேன். ஆனால் தெரியாது என்று இனிமேல் நீ சொல்ல முடியாது. ஆழமில்லாத பேசின், வெதுவெதுப்பான தண்ணீர். போய் நீயே எண்ணு.

சாதனா


பாளையங்கோட்டை
7 செப்டம்பர் 2024

சாதனா,

உன் கடிதத்தை இந்த முறை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே மூன்று தடவை வாசித்தேன். பிறகு குளியலறை அலமாரியைத் திறந்து என் பெரிய நகவெட்டியைத் தேடினேன். ஒரு மாதமாகக் காணவில்லை. வேலைக்காரியைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

இன்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு, பூஜையில் உட்கார்ந்திருந்த அவர் முன்னால் போய் நின்று, "பின்கொட்டகை சாவியைக் குடுங்கோ" என்றேன். மனித வாடை பட்டால் தாய்க்கு ஆகாது என்று ஆரம்பித்தார். "எந்தத் தாய்?" என்று கேட்டேன். சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியும், எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பண்ணைக்குப் போனேன். பின்னாலேயே பைக்கில் வந்தார்.

அங்கே தாயும் இல்லை, குட்டியும் இல்லை. தகரப் பெட்டிகளில் செம்மண் ஒட்டிய முள்ளெலிகள் அடைத்துக் கிடந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் மரக்கட்டையின்மேல் என் நகவெட்டி.

நான் தீனித் தாம்பாளத்தில் தண்ணீர் காய்ச்சி ஊற்றினேன். கை பொறுக்கும் சூடு. ஒவ்வொன்றாக விட்டேன். நீ சொன்னது மாதிரியே விரிந்தன. சில தண்ணீரைச் சிவப்பாக்கின, சில ஆக்கவில்லை. அவர் வாசலில் நின்று கத்தினார். முதலில் கெஞ்சினார், பிறகு அப்பாவை இழுத்தார், பிறகு பெல்காச்சியா வரிசையைச் சொன்னார். வெட்டாத ஒன்றைக் கையில் எடுத்து அவரிடம் நீட்டினேன். "எண்ணுங்கோ" என்றேன். "வெளிப்பக்கத்துலேந்து எண்ணுங்கோ. அஞ்சாவதா உள்பக்கம் வருதே, ஆப்பிரிக்காவுக்கு இல்லாத விரல் அதுதான்." அது முள்ளை விறைத்துக்கொண்டு என் உள்ளங்கையைக் குத்தியது. நான் விடவில்லை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "உன்னைத்தாண்டி அரெஸ்ட் பண்ணுவா, என்னை இல்லை, புரிஞ்சுக்கோ" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அது பயமுறுத்தலாகவும் கேட்கவில்லை, அக்கறையாகவும் கேட்கவில்லை.

வனத்துறைக்கு நானே போன் செய்தேன். அலிப்பூரிலிருந்து அவர்களுக்கு ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. நாளை மறுநாள் சோதனைக்கு வருவதாக இருந்தார்களாம். "இன்னிக்கே வாங்கோ, மருந்து தெரிஞ்ச டாக்டரோட வாங்கோ" என்றேன். எதிரில் பேசியவர், "நீங்க யாரும்மா பேசறது?" என்று கேட்டார்.

பண்ணைக்காரி பேசறேன் என்று சொன்னேன்.

உன் அத்திம்பேர் வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார். பெட்டிகளை வேனில் ஏற்றத் தேரிப்பக்கமிருந்து ஆள் வருகிறானாம், அரைமணியில் காலி செய்துவிடலாமாம். அனுமதி யார் பெயரில், பதிவு யார் பெயரில், சொல்லுங்கோ என்று கேட்டேன். "அப்ப இங்கேந்து எது வெளியில போகணும், யார் உள்ள வரணும்னு நான்தான் சொல்லணும்" என்றேன். இப்போது கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேன் வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஏற்ற வந்தவன் கையில் துடைப்பம்கூட இல்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போனால் போகட்டும். தெரியாமல் போட்ட கையெழுத்துகளுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன், இன்று வாக்குமூலத்தில் தெரிந்தே ஒன்று போடுவேன். நீ எனக்காக வக்கீலைத் தேட வேண்டாம். உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வா. உன் பேசினையும் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வா. வெட்டுப்பட்டவை பதினொன்று இருக்கின்றன, இந்த ஊர் டாக்டர் மாட்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அப்பா வருவதானால் குடை வேண்டாம் என்று சொல், இங்கே மழை இல்லை.

இதைத் தபாலில் போடவில்லை, உன்னைத் தடுத்ததை எடுத்துவிட்டு, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனை எடுக்கிறேன். கூப்பிடு.

ஜெயா